பெற்றோர் கையொப்பம்

ஒன்பது இருபதுக்குள்
செல்போனில் எங்கள் வருகையைப் பதிய வேண்டும்.
கொடிக்கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
இரண்டடி இடத்தில்தான் சிக்னல்.
நான்கு ஆசிரியர்களும் அங்கே
கையை உயர்த்தி நிற்பதைப் பார்த்து
சுற்றுச்சுவர் மேலிருந்து ஒருவன் கத்துகிறான்:
"டீச்சருகளுக்கு மொத பீரியடே பி.டி.டா!"

விடுமுறை முழுக்கக் கச்சான் கொண்டுவந்து கொட்டிய மணல்
ஆறாம் வகுப்பின் கதவைத் திறக்கவிடவில்லை.
தோளால் இடித்து உள்ளே போனேன்.
மூன்று வாளி அள்ளினோம்.
கரும்பலகையில் இன்னும் ஏப்ரல் பதினொன்று.
பதிவு 33. வருகை 29.
அந்த நான்கு பேர் யாரென்று
இப்போது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் பெயரைத் தப்பாக வாசித்தால்
வருடம் முழுக்க அதுவே பட்டப்பெயர்.
கல் பொறுக்குகிறவள் போல மெதுவாகப் போகிறேன்.
அந்தோணி ரீகன்.
சீனி இபுராம்சா.
பவுல் டிக்சன்.
"தூங்குறான் டீச்சர்."

தடைக்காலம் முடிந்து
இன்று விடியுமுன் விசைப்படகுகள் கிளம்பியதை
பாம்பன் பாலத்தில் நின்று எண்ணினானாம்.
எழுப்பி, எத்தனை என்றேன்.
"நூத்திப் பன்னண்டு. அப்புறம் போலீஸ் வெரட்டிருச்சு."
நான் கணக்கு டீச்சர்.
வருகை போட்டேன். தூங்கு என்றேன்.

நம்புச்செல்வி
சேர்க்கைப் படிவத்தைத் தானே நிரப்பி
தானே கொண்டுவந்திருக்கிறாள்.
பெற்றோர் கையொப்பம்: காலி.
"அம்மா பாசிக்குப் போயிருக்கு டீச்சர்.
நாப்பத்தஞ்சு நாளைக்கு அப்புறம்
இன்னைக்குத்தான் தொழிலு."
கைநாட்டாவது வாங்கி வா என்றதும்
என்மேல் இரக்கப்பட்டவள்போல் சொன்னாள்:
"அம்மாவுக்கு ரேகை விழாது.
ரேசன் கடை மிசினே ஒத்துக்கல.
பாறையில பாசி புடுங்கிப் புடுங்கி
கட்டவெரல் மொழுமொழுன்னு இருக்கும்.
தொட்டுப் பாத்தா நல்லா இருக்கும்."

இடைவேளையில் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனேன்.
ஒரு படம் வந்திருந்தது, பாதி திறந்து.
ஒரு ராத்திரி முழுக்கப் பேருந்தில் போனால் வரும்
செய்யாறில்
என் மகளும் இன்று ஆறாம் வகுப்பு.
நெற்றியும் ஒரு ரிப்பனும் தெரிந்தன.
அதற்குக் கீழே
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
கலந்தாய்வில் ஐந்தாவது வருடமாக
என் வரிசை எண் வருமுன்
திருவண்ணாமலைக் காலியிடங்கள் தீர்ந்துபோயின.
அமுதினியின் படிவத்தில் யார் கையெழுத்து என்று
கேட்டு அனுப்பினேன்.
ஒரே ஒரு சாம்பல் டிக்.

மதியம் எண்கோடு நடத்தினேன்.
பூச்சியத்துக்கு இடப்பக்கம் என்ன இருக்கும்?
"பாம்பன்" என்றான் ஒருவன்.
"மண்டபம்தான்டா" என்றான் இன்னொருவன்.
எப்படி நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது
என்று சொல்லிச் சமாளித்தேன்.
அது கணக்கில் இல்லை.

நான்கு மணிக்கு வாசலில் ஓர் அம்மா,
முழங்கால் வரை ஈரம்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி.
உள்ளே வாங்க என்றால்
"தண்ணி சொட்டும்" என்று அங்கேயே நின்றார்.
மைப்பெட்டியை வாசலுக்கு எடுத்துப் போனேன்.
கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியபோது தெரிந்தது,
நம்புச்செல்வி சொன்னது பாதிதான் சரி.
மொழுமொழுப்புக்கு நடுவே உப்பேறிய வெட்டுக்கள்.
நகத்தடியில் ஒன்று இன்றைக்கானது.
அவர் கையை இழுக்கவில்லை.

படிவத்தில் விழுந்தது
கோடே இல்லாத ஊதா வட்டம்.
கீழே, என் முன்னிலையில் என்றெழுதி
கையெழுத்துப் போட்டேன்.
காய்வதற்காக மகள் ஊதினாள்.
அதற்குள் காற்று வந்து
மணலை ஒட்டிவிட்டுப் போயிற்று.

பையை மாட்டிக்கொண்டு டிக்சன் வந்தான்.
நன்றாகத் தூங்கித் தெளிந்த முகம்.
"நாளைக்கு லேட்டாத்தான் வருவேன் டீச்சர்.
போன படகெல்லாம் வந்துருச்சான்னு
எண்ணணும்."